அந்தக் கோட்டுக்காரருக்கு அல்ல, உனக்கு

தம்பி,

நீ போன் எடுக்கப்போவதில்லை என்பது உறுதியான பிறகுதான் பேனையைத் தேடி எடுத்தேன். காலையில் அழைத்தேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மத்தியானம் அழைத்தேன், நீ வேறு யாரோடோ கதைத்துக்கொண்டிருப்பதாக ஒரு பெண் மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொன்னாள். உன்னைவிட அவள் பரவாயில்லை. பெற்றவளோடு கதைக்காமல் இருக்கும் அளவுக்கு நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? வேலை தேடுகிறவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் கூடுகிற அந்த இணையத் தளத்தில், நீ புதுப் படம் மாற்றியதை உலகத்துக்கு அறிவித்துப் போட்ட பதிவின் கீழே ஒரு வரி எழுதினேன். "தம்பி, இது ஆர்? உன்ரை படம் எங்கை?" அவ்வளவுதான். அதற்குக் கீழே உன்னோடு வேலை செய்த பிள்ளைகள் சிரிக்கிற முகங்களை வரிசையாகக் குத்தியதற்கு நானா பொறுப்பு? கேள்வி என்னுடையது, சிரிப்பு அவர்களுடையது.

இதைத் தபாலில் போட்டால் நீ உறையைக்கூடத் திறக்கமாட்டாய். அதனால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். பயப்படாதே, உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. ஆசிரியர் படம் கேட்டால் தரமுடியாது என்று சொல்லிவிடுவேன், படங்களால் நாங்கள் பட்டது போதும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைக் கொழும்பில் வெள்ளவத்தை அறையில் உன்னோடு இருக்கும் குகன் கட்டாயம் வாங்குவான். வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு உன் கட்டிலில் கொண்டுவந்து போடுவான். அடுத்த கிழமை உனக்கு இன்னொரு கொம்பனியில் நேர்முகம் இருக்கிறது என்பதையும் அவன்தான் எனக்குச் சொன்னான். நீ சொல்லவில்லை. அந்த நேர்முகத்துக்கு முன்னர் நீ இதை வாசித்தாக வேண்டும், எனக்கு வேறு அவசரம் ஒன்றும் இல்லை.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிக் கதைப்போம். கறுப்புக் கோட்டு, நீல ரை, வெள்ளைச் சேட்டு. தலையில் இரண்டு பேருக்குப் பங்கு வைக்கக்கூடிய அளவு முடி. மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. நிறமோ, பிறந்ததிலிருந்து வெயிலே படாமல் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து வளர்த்த பிள்ளையின் நிறம். பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற ஏதோ ஒரு பட்டணம். அந்தப் பட்டணத்துக்கு நீ போனதும் இல்லை, அந்தக் கோட்டு உன்னிடம் இருந்ததும் இல்லை. நம் வீட்டு அறையில் சாரத்தோடு கட்டிலில் சாய்ந்திருந்து, உன் பழைய படம் ஒன்றைப் போனில் உள்ள ஏதோ செயலிக்குக் கொடுத்து, அது கக்கியதை எடுத்துப் போட்டிருக்கிறாய். அந்த ஆள் அழகாக இருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. நல்ல இடத்துப் பிள்ளை போலவும் இருக்கிறார். ஆனால் அவரை நான் பெறவில்லை.

சரி, கோட்டுக்காரருக்கு முன்னர் அந்த இடத்தில் இருந்தவை மட்டும் என்ன திறமா? முதலில் போட்ட படத்தில் நீ கசூரினாக் கடற்கரையில் வேறு யாருடையவோ காரின் மேல் சாய்ந்துகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றாய். நீ கட்டடங்களுக்குக் குளிரூட்டி அமைக்கிற எஞ்சினியர் என்று கீழே எழுதியிருந்ததாம், குகன் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். பார்த்தவன் எஞ்சினியரைத் தேடுவானா, காரின் விலையைக் கேட்பானா? அடுத்தது மானிப்பாயில் பெரியம்மாவின் மகளுடைய கலியாணத்தில் எடுத்த படம். அது எப்படி எடுக்கப்பட்டது என்று எனக்கல்லவா தெரியும். நீ, நான், பெரியம்மா என்று மூன்று பேர் நின்றோம். மூன்று பேர் நின்று படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்று பெரியம்மா பதறி, சாப்பாட்டுப் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனிசனை இழுத்து வந்து உன் பக்கத்தில் நிறுத்தினா. அந்தப் படத்திலிருந்து நீ உன்னை மட்டும் வெட்டி எடுத்தாய். வெட்டியும் என்ன? ஒரு பக்கம் பெரியம்மாவின் சீலைக்கரை, மறுபக்கம் அந்த மனிசனின் முழங்கையும் தண்ணீர் யக்கின் மூக்கும். நடுவில் சந்தனப்பொட்டோடு நீ. உன்னை வேலைக்கு எடுக்கப்போகிறவன் அந்த முழங்கை யாருடையது என்றுதான் முதலில் யோசிப்பான்.

"அம்மாவுக்கு உது விளங்காது" என்று நீ சொல்லிவிட்டாய். எனக்கு விளங்காததா? ஓய்வு பெறும்வரை கந்தோரில் அடையாள அட்டைப் பகுதியில் இருந்தவள் நான். ஊரில் உள்ள முகங்கள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போயின. வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு பெரியவர் தன் கலியாணப் படத்தை வெட்டிக்கொண்டு வந்து தந்தார். "ஐயா, இதிலை இருக்கிறது உங்கடை மகனோ?" என்று கேட்டேன். "நான்தான் பிள்ளை. நல்லாய் வந்த படம் இதொண்டுதான்" என்றார். இன்னொருவர் தொப்பியைக் கழற்றமாட்டேன் என்று நின்றார். என்னைவிடத் தங்கச்சிதான் வடிவு, அவளுடைய படத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெட்டை சொல்லாத குறை. எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். பேசினார்கள், சபித்தார்கள், ஆனால் திரும்பவும் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். படத்தையும் ஆளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஓம் இவர்தான் என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த ஒரு விதிக்காகத்தான் அத்தனை பேச்சையும் வாங்கினேன். என் வீட்டுக்குள்ளேயே ஒருவன் அதை மீறுவான் என்று கனவிலும் நினைக்கவில்லை.

நான் உனக்கு உதவி செய்யவில்லை என்றும் சொல்லமுடியாது. கொழும்பில் உன் கொம்பனி கட்டட வேலைகளை நிறுத்தி உங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிய பிறகு நீ இங்கே வந்து இருந்தாய் அல்லவா, அப்போது நல்ல படம் ஒன்று எடுப்போம் என்று நான்தான் தொடங்கினேன். நல்ல சேட்டு ஒன்றை மினுக்கிக் கொடுத்தேன். நீ கிணற்றடியில் போய் உச்சி வெயிலில் நின்றாய். நெற்றி பளபளக்கிறது, கண் இரண்டும் குழி, பின்னால் கொடியில் என் உள்பாவாடை. இடம் மாறு என்றேன். கேற்றடிக்குப் போனாய். அங்கே உனக்குப் பின்னால் இருந்த சுவரில் போன தேர்தலுக்கு ஒட்டிய யாரோ ஒருவர் உன் தோளுக்கு மேலால் கைகூப்பிக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் வா என்றால், உள்ளே இருட்டு என்கிறாய். யன்னலைத் திறந்து விட்டால், முதுகை யன்னலுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். முகம் கரிச்சட்டி.

"வெளிச்சத்தைப் பாத்து நில்லன் தம்பி."

"கண் கூசுதம்மா."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில். இனிச் சிரி."

"இப்பிடியோ?"

"பல்லு வைத்தியரிட்டைக் காட்டுற மாதிரிக் காட்டாதை. சாதாரணமாய்ச் சிரியன்."

"சிரி சிரி எண்டால் எப்பிடி வரும்? உங்களுக்கு உது சரிவராது, விடுங்கோ. நான் வேறை வழி பாக்கிறன்."

அந்த வேறு வழிதான் கோட்டுக்காரர். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. பின்னேரம் நீ அறைக்குள் போனில் ஏதோ குத்திக்கொண்டிருந்தாய், சந்தோசமாக இருந்தாய், நானும் பேசாமல் விட்டுவிட்டேன்.

பிறகுதான் அந்த முதலாவது நேர்முகம் வந்தது. முன் அறையில் மேசையை நகர்த்தி, மடிக்கணினியை வைத்து, மின்விசிறியின் சத்தம் கேட்கும் என்று அதையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க இருந்தாய். நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன், நீ கையைக் காட்டியதும் அதையும் நிறுத்தினேன். அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும். வணக்கம் சொன்னார்கள். பிறகு ஒருவர், எஞ்சினியர் வரும்வரை காத்திருக்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் எஞ்சினியர் என்று நீ சொன்னாய். பிறகு அந்தப் பெண் சிரித்தா. கெட்ட சிரிப்பு இல்லை, வாய் தவறி வந்த சிரிப்பு, உடனே மன்னிப்பும் கேட்டா. ஆனால் அதற்குப் பிறகு உன்னுடைய குரல் போய்விட்டது. குளிரூட்டியைப் பற்றிக் கேட்டால் வீட்டில் எனக்கே வகுப்பெடுக்கிற பிள்ளை, அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பொறுக்கினாய். ஏன் சிரித்தார்கள் என்று எனக்குக் குசினியில் நின்று விளங்கவில்லை. முடிந்ததும் கேட்டேன், "ஒண்டுமில்லை" என்றாய். அவர்கள் பிறகு உன்னைக் கூப்பிடவில்லை. நீ பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டாய். சில நாள் கழித்து அந்தத் தளத்துக்குள் நான் நுழைந்து உன் படத்தைப் பார்த்தபோதுதான் அந்தச் சிரிப்பின் காரணம் விளங்கியது. கோட்டுப் போட்ட வெள்ளைத் துரையை எதிர்பார்த்து இருந்தவர்களுக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியோடு, நெற்றி ஏறிய என்னுடைய பிள்ளை வந்து இருந்தால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

அதன் பிறகு நான் எழுதிய வரியும், அதன் பிறகு நீ எடுத்த போனும். அந்தப் போனை நான் மறக்கவில்லை.

"அம்மா, ஆர் உங்களை உதுக்குள்ளை வரச்சொன்னது? உது வேலை தேடுறவை வாற இடம். நீங்கள் வேலை தேடுறீங்களோ?"

"நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லு. அது ஆர்?"

"நான்தான். கொஞ்சம் திருத்தின படம். எல்லாரும்தான் போடுகினம்."

"கொஞ்சமோ? உன்னிலை என்னத்தை மிச்சம் விட்டிருக்கு?"

"அம்மா, பழைய படத்துக்கு ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. இதைப் போட்ட பிறகுதான் கூப்பிட்டவங்கள். அப்பாவை மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு நிண்டால் ஆரம்மா கூப்பிடுவினம்?"

சொன்ன உடனேயே நீ வைத்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் இந்த மௌனம். நான் எழுதிய வரியால் உனக்கு மானம் போய்விட்டது என்று குகனிடம் சொல்லித் திரிகிறாயாம். எனக்கு என்னவோ, நீ கோபத்தில் போனை எடுக்கவில்லை என்று தோன்றவில்லை. வாயிலிருந்து விழுந்த கடைசி வசனத்தை நினைத்துத்தான் எடுக்காமல் இருக்கிறாய். அப்படியானால் கேள், அந்த முகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

உன் அப்பா பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஓட்டியவர். கறுத்த முகம், அகன்ற நெற்றி, முன்பல்லில் ஒரு நீக்கல். சிரித்தால் அந்த நீக்கல்தான் முதலில் தெரியும். கண்ணாடியைப் பார்த்து முகத்தைச் சரிசெய்ய அவருக்கு நேரமும் இருக்கவில்லை, விருப்பமும் இருக்கவில்லை. அவர் கண்ணாடி பார்த்தது பின்னால் யார் ஏறுகிறார்கள் என்று பார்க்க மட்டும்தான். நெல்லியடியிலும் புத்தூரிலும் நீர்வேலியிலும் கோப்பாயிலும் அவருடைய பெயர் தெரியாதவர்கள் இருந்தார்கள், முகம் தெரியாதவர்கள் இருக்கவில்லை. தூரத்தில் வருகிற பஸ்சில் அந்த முகத்தைக் கண்டால், நிற்பாட்டுவார் என்று தெரிந்து ஆறுதலாக நடந்து வருவார்களாம். எனக்கு அது பெரிய எரிச்சலாக இருந்தது. ஊருக்கெல்லாம் நிற்கிற மனிசன் வீட்டுக்கு மட்டும் பிந்தித்தான் வருவார்.

நீ பல்கலைக்கழகத்தில் கடைசி வருடத்தில் இருந்தபோது அவர் போய்ச் சேர்ந்தார். நெஞ்சு நோ என்று சொல்லிப் படுத்தவர் எழும்பவில்லை. செத்த வீட்டுக் குழப்பத்தில் நீ பேராதனையிலிருந்து வந்து சேர்வதற்கு முன்னரே மரண அறிவித்தல் அடிக்க வேண்டும் என்று உன் மாமா புறப்பட்டுவிட்டார். சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருந்த சின்னப் படத்தைத்தான் கொண்டுபோனார். ஸ்ரூடியோக்காரர் வழமையாகச் செய்வதைச் செய்தார். செத்தவர் எல்லோருக்கும் ஒரு கோட்டு, ஒரு ரை, கொஞ்சம் வெள்ளை, பின்னால் நீல வானம். யாரும் அதைக் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பல்லின் நீக்கல் தெரியாதபடி வாயையும் மூடிவிட்டார்கள். ஊரவர்கள் பார்த்து நல்ல வடிவாக இருக்கிறது என்றார்கள். கனடாவிலிருந்து உன் சித்தப்பா மட்டும் இணையத்தில் பார்த்துவிட்டுப் போன் எடுத்து, "அண்ணி, படம் மாறிப் போட்டினமோ?" என்று கேட்டார். அந்தப் படம்தான் அவர் பஸ் ஓட்டிய வீதி முழுக்க, அவர் பஸ் நிறுத்திய ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒட்டியிருந்தது.

எட்டாம் நாள் கிரியை, எட்டுச் செலவு அன்றைக்குத் திரேசம்மா வந்தா. உனக்கு ஞாபகம் இருக்காது, நீ பின்வளவில் ஆட்களுக்குக் கதிரை போட்டுக்கொண்டிருந்தாய். பருத்தித்துறையில் மீன் வாங்கி நீர்வேலிப் பக்கம் கொண்டுபோய் விற்கிறவ. மீன் நாறுகிறது என்று மற்ற பஸ்காரர்கள் அவவைக் கண்டால் நிற்பாட்டமாட்டார்கள், உன் அப்பா மட்டும் நிற்பாட்டுவார். வந்தவ படியில் இருந்து அழத் தொடங்கினா.

"பிள்ளை, அந்தப் படம் ஒட்டின சுவருக்குப் பக்கத்திலை நிண்டுதான் நான் நெடுக பஸ் பாத்தனான். ஆரோ கோடு கச்சேரியிலை வழக்குப் பேசுற அப்புக்காத்தர் செத்துப்போனார் எண்டு நினைச்சன். பஸ் என்னைக் கண்டும் நிக்காமல் போகேக்கை, இந்த மனிசனுக்கு இப்ப பெருமை வந்திட்டுதோ எண்டு அவரைத்தான் பேசினன். செத்துப்போன மனிசனைப் பேசியிருக்கிறன் பிள்ளை. இது அவர்தான் எண்டு தெரிஞ்சிருந்தால் ஓடி வந்து அந்த முகத்தைக் கடைசியாய் ஒருக்காப் பாத்திருக்கமாட்டனே?"

நான் உள்ளே போய் அனுமதிப்பத்திரத்தை எடுத்து வந்து காட்டினேன். நகத்தளவு படம். அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓம், இதுதான் அவர்" என்று சொல்லித் திரும்பவும் அழுதா. உன் அப்பாவுக்காக அன்றைக்கு நான் அழுதது போல அதற்கு முன்னர் அழவில்லை. அவரைத் தெரிந்த எத்தனை பேர் அந்தச் சுவர்களைத் தாண்டிப் போனார்களோ என்று இன்றைக்கும் நினைப்பேன். அவருக்கு வந்திருக்க வேண்டிய ஆட்களைக் கோட்டுக்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது அதே ஸ்ரூடியோ வேலையை நீ உயிரோடு இருக்கும்போதே, உன் கையாலேயே, உனக்குச் செய்துகொண்டிருக்கிறாய். எனக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

நீ சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள். நிறத்தைப் பார்க்கிறார்கள், பெயரைப் பார்க்கிறார்கள், எங்கிருந்து வருகிறாய் என்று பார்க்கிறார்கள். வேலை போன பிள்ளை கதவுகளைத் தட்டிக் களைத்துப்போய் ஒரு கோட்டுக்குள் ஒளிய நினைத்தால் அதன் வலி எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் நீயே யோசித்துப் பார். அந்தப் படத்தைப் பார்த்து அவர்கள் கூப்பிட்டது அந்த ஆளை. வந்தது நீ. அந்த ஆளாக நடிப்பதிலேயே உன் மூச்சு முடிந்துவிட்டது, படித்த படிப்பைச் சொல்ல மூச்சு மிஞ்சவில்லை. வேலையும் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பாய்? தினமும் காலையில் எழும்பி வெள்ளை பூசிக்கொண்டா போயிருப்பாய்?

ஆகவே, அடுத்த கிழமைக்கு முன் ஒழுங்காக ஒரு படம் எடு. உன் அறையில் கடலைப் பார்த்த யன்னல் ஒன்று இருக்கிறது. காலையில் வெயில் நேரே அடிக்காத நேரமாகப் பார்த்து அந்த யன்னலுக்கு முகத்தைக் கொடுத்து நில், முதுகைக் கொடுக்காதே. பின்னால் வெறும் சுவர் போதும், குகனின் துவாய் தொங்கினால் எடுத்துவிடு. கோட்டு வேண்டாம். வேலைக்குப் போகும்போது போட்ட நீலச் சேட்டைப் போடு, அதைத்தானே போட்டுக்கொண்டு கட்டட வேலைத்தளங்களில் ஏறி இறங்கினாய். கண்ணாடியைப் போடு, அது இல்லாமல் எதிரில் வருகிற பஸ்சின் நம்பரே உனக்குத் தெரியாது. கையை நீட்டி நீயே எடுக்காதே, மூக்கு முன்னால் வந்து மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். குகனிடம் கொடு. உன் கண் மட்டத்துக்குப் போனைப் பிடிக்கச் சொல். நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிந்தால் காணும், காலில் சப்பாத்து இருக்கிறதா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. சிரி என்று அவன் சொல்லக் கூடாது. அதற்குப் பதிலாக, குளிர் அறை ஒன்றில் ஏன் ஒரு மூலை மட்டும் குளிராமல் இருக்கிறது என்று உன்னிடம் கேட்கச் சொல். நீ விளங்கப்படுத்தத் தொடங்குவாய். நடுவில் அவனுக்கு விளங்கவில்லை என்று உனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், பிறகு விட்டுக்கொடுத்து ஒரு சிரிப்பு வரும். அந்த நேரம் எடுக்கட்டும். நிறைய எடுக்கட்டும். அதில் எது நல்லது என்று நீ தெரிவுசெய்யாதே, உனக்கு உன்னைத் தெரியாது. குகனிடம் விடு. பிறகு அதை எந்தச் செயலிக்கும் சாப்பிடக் கொடுக்காதே.

அந்த முகம் உன் அப்பாவைப் போல இருக்கும். அதற்கு நான் ஒன்றும் செய்யமுடியாது, நீயும் ஒன்றும் செய்யமுடியாது. நான் அந்த முகத்தை விரும்பிக் கட்டியவள். அதை யாரும் குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது, நீ சொன்னாலும் பிடிக்காது.

இனி நீ போனில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேலை தேடுகிறவர்கள் வருகிற இடத்துக்கு நான் ஏன் வந்தேன் என்று கேட்டாய். அந்த நேரம் நான் உன்னைத் திருப்பிக் கேள்விதான் கேட்டேன், பதில் இதுதான். நீ இங்கிருந்து போன பிறகு எடுக்கிற போனெல்லாம் வெறும் குரல். படத்தோடு எடு என்றால் கமரா பழுது என்கிறாய். சாப்பிட்டாயா என்றால் ஓம். நித்திரை கொண்டாயா என்றால் ஓம். மெலிந்துவிட்டாயா என்றால் இல்லை. உன் முகத்தைக் கண்டால் எது பொய் என்று எனக்கு உடனே தெரியும், குரலில் தெரியவில்லை. வேலை இல்லாமல், ஒரு அறைக்குள், எப்படி இருக்கிறானோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ வேறு எங்கும் படம் போடுவதில்லை. அந்தத் தளத்தில் உன் படம் ஒன்று இருக்கிறது என்று குகன் ஒருநாள் சொன்னான். அதைப் பார்க்கத்தான் கந்தோரில் பழகிய விரல்களை வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கணக்குத் திறந்து, என்ன வேலை செய்கிறாய் என்று அது கேட்ட இடத்தில் ஓய்வு என்று எழுதி, உள்ளே வந்தேன். வந்து பார்த்தால் அங்கே வேறு யாரோ இருந்தார். எனக்கு அந்த இடத்தில் எப்படி இருந்திருக்கும் என்று நீ யோசித்தாயா? எல்லோரும் நான் பகிடிக்கு எழுதினேன் என்று சிரித்தார்கள். நான் பகிடிக்கு எழுதவில்லை தம்பி. உண்மையாகவே கேட்டேன்.

நேற்றும் போய்ப் பார்த்தேன். கோட்டுக்காரர் போய்விட்டார். அவர் இருந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் வட்டம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கன நேரம் இருந்தேன்.

புதுப் படம் எடுத்தால் எனக்கு அனுப்ப வேண்டாம். நல்லதா என்று கேட்கவும் வேண்டாம். என்னோடு இன்னும் கோபம் என்றால் இருந்துவிட்டுப் போ. அங்கே போட்டுவிடு, அது போதும். நான் வருவேன். யார் யார் வந்து பார்த்தார்கள் என்று அந்தத் தளம் உனக்குக் காட்டிக்கொடுக்குமாம், குகன் சொன்னான். காட்டட்டும். இந்த முறை கீழே ஒன்றும் எழுதமாட்டேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.

அம்மா